ரசாயன ஆலைக்குப் பக்கத்தில் வீடு எடுத்திருக்கிறீர்களா? கசிவுக்கு முன்பும், அன்றிரவும், அதற்குப் பிறகும்

வீடு பார்க்கப் போகும்போது தண்ணீர் எப்படி, பஸ் எப்படி, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்றெல்லாம் கேட்கிறோம். மணலி, எண்ணூர், கடலூர் சிப்காட் மாதிரி இடங்களில் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: பக்கத்துக் கம்பெனியில் என்ன வைத்திருக்கிறார்கள்? நான் முதன்முதலில் இப்படிப்பட்ட ஒரு தெருவுக்குக் குடிவந்தபோது வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ஏதோ கேஸ்னு சொல்வாங்க. ராத்திரியில கொஞ்சம் நாறும், போகப் போகப் பழகிடும்" என்றார். அவர் மேல் தப்பில்லை. முப்பது வருடமாக அங்கேயே இருப்பவருக்கு யாரும் வந்து எதையும் சொன்னதில்லை.

ஆனால் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நாம் கேட்காமலேயே சொல்ல வேண்டும். அந்தச் சட்டத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் இந்தக் கட்டுரை. வழக்கறிஞர்களுக்கு எழுதவில்லை. புதிதாகக் குடிவந்த, இரவில் நாற்றம் வந்தால் என்ன செய்வது என்று தெரியாத உங்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் போபாலை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சட்டங்கள் எல்லாம் அங்கிருந்துதான் பிறந்தன. 1984 டிசம்பர் 2 நள்ளிரவை ஒட்டி யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் வெளியேறியது. ஊருக்கான சைரன் கொஞ்ச நேரம் ஒலித்து நின்றது. மறுபடி ஒலித்தபோது வாயு குடிசைகளுக்குள் புகுந்துவிட்டிருந்தது. மக்கள் கண்ணைத் தேய்த்துக்கொண்டு ஓடினார்கள். பலர் வாயு போன திசையிலேயே ஓடினார்கள். ஓட ஓட மூச்சு வாங்கும், வாங்க வாங்க உள்ளே போகும். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளச் சொல்ல ஆளில்லை. ஹமீதியா மருத்துவமனையில் இருந்த டாக்டர்களுக்கு வந்த வாயு எது, அதற்கு என்ன சிகிச்சை என்பதே தெரியாது. மத்தியப் பிரதேச அரசு உறுதிசெய்த இறப்பு மட்டுமே 3,787. ஒரு ஈரத்துணி, ஒரு திசை, ஒரு வாயுவின் பெயர். இந்த மூன்றும் முன்னாலேயே தெரிந்திருந்தால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள் என்ற நினைப்பு எனக்கு இன்றுவரை போகவில்லை.

எந்தச் சட்டம் எதற்கு

பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். எந்தக் கதவைத் தட்டினால் எது கிடைக்கும் என்று தெரிந்தால் போதும்.

எல்லாவற்றுக்கும் தாய் 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம். அதன் கீழ் இரண்டு விதித்தொகுப்புகள் உங்களுக்கு நேரடியாக உதவும். ஒன்று, 1989இல் வந்த அபாயகர ரசாயனங்கள் தயாரிப்பு, சேமிப்பு, இறக்குமதி விதிகள். ஆலைக்காரர் என்ன செய்ய வேண்டும் என்பதை இது சொல்கிறது. இன்னொன்று, 1996இல் வந்த ரசாயன விபத்துகள் (அவசரகாலத் திட்டமிடல், தயார்நிலை, எதிர்கொள்ளல்) விதிகள். அரசு அதிகாரிகள் எப்படிக் குழுவாகக் கூடித் தயாராக இருக்க வேண்டும் என்பது இதில் வருகிறது. கீழே '89 விதிகள்', '96 விதிகள்' என்றே சொல்கிறேன்.

1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோதும், அபாயகரமான வேலை நடக்கும் ஆலை தன் தொழிலாளிகளுக்கு மட்டுமல்ல, சுற்றுவட்டார மக்களுக்கும் ஆபத்துகளைச் சொல்ல வேண்டும் என்று எழுதினார்கள். 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அதே கடமை இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி கலெக்டர் தலைமையில் மாவட்ட ஆணையமும் ஒரு மாவட்டத் திட்டமும் இருக்க வேண்டும்.

சுகாதாரச் சட்டம் என்று தனியாகப் பார்த்தால் இடம் கொஞ்சம் வெறிச்சோடித்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1939ஆம் ஆண்டிலிருந்தே பொதுச் சுகாதாரச் சட்டம் உண்டு. அது பெரும்பாலும் தொற்றுநோய், குடிநீர், கழிவு பற்றியது. 2017இல் மத்திய சுகாதார அமைச்சகம் தொற்றுநோய், உயிரிப் பயங்கரவாதம், பேரிடர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பொதுச் சுகாதார மசோதாவின் வரைவை வெளியிட்டது. அது சட்டமாகவில்லை. அதனால் வாயுக் கசிவின்போது மருத்துவத் தயார்நிலை யார் பொறுப்பு என்ற கேள்விக்கு இன்றும் 89, 96 விதிகளுக்குள்தான் பதில் தேட வேண்டியிருக்கிறது. இது ஒரு பெரிய குறை என்பது என் கருத்து. இருந்தாலும் இருப்பதை வைத்தே நிறையச் செய்யலாம்.

ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நடந்து வாருங்கள்

குடிவந்த முதல் மாதத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் நடந்து வாருங்கள். ஒவ்வொரு ஆலை வாசலிலும் ஒரு பெரிய பலகை இருக்க வேண்டும். அபாயகரக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003இல் போட்ட உத்தரவு அது: உள்ளே கையாளும் அபாயகர ரசாயனங்கள் எவை, எவ்வளவு, வெளியேறும் கழிவுநீர், புகை, திடக்கழிவு எவ்வளவு என்று வாசலில் எழுதிவைக்க வேண்டும். சில இடங்களில் எழுத்து அழிந்து போயிருக்கும், சில இடங்களில் பலகையை மறைத்து லாரி நிற்கும். எப்படி இருந்தாலும் இருப்பதைத் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள்.

அப்புறம் டேங்கர் லாரிகளைப் பாருங்கள். ஒரு நாள் காலையில் நான் டீ குடித்துக்கொண்டிருந்த கடைக்கு எதிரே ஒரு டேங்கர் வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்து எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பன் சாப்பிட்டார். லாரியின் பக்கவாட்டில் ஒரு கட்டம் போட்ட பலகை. அதில் பெரிய எழுத்தில் 1005. "என்னண்ணே லோடு?" என்று கேட்டேன். "அமோனியாங்க" என்றார். "கசிஞ்சா என்ன பண்ணணும்?" என்றேன். கையைக் காட்டி, காற்று வந்த பக்கத்தைப் பார்த்து, "இப்படிப் போகக் கூடாது, அப்படியும் போகக் கூடாது, இப்படிக் குறுக்கால போயிடணும்" என்று டீ கிளாஸாலேயே கோடு போட்டுக் காட்டினார். அன்று அந்தக் கடையில் இருந்த பத்துப் பேரில் அது தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

அந்த நான்கு இலக்க எண் உலகம் முழுக்க ஒன்றுதான். மோட்டார் வாகன விதிகளின்படி அபாயகரச் சரக்கு ஏற்றும் வண்டியில் அந்த எண்ணும், பொருளின் பெயரும், அவசரத் தொலைபேசி எண்ணும் கொண்ட தகவல் பலகை இருக்க வேண்டும். 1005 என்றால் அமோனியா. 1017 குளோரின், 1075 சமையல் எரிவாயு வகை, 1203 பெட்ரோல், 1830 கந்தக அமிலம், 2055 ஸ்டைரீன். உங்கள் தெரு வழியாக எந்த எண் அடிக்கடி போகிறது என்று ஒரு வாரம் குறித்தாலே பக்கத்து ஆலைகளுக்குள் என்ன இருக்கிறது என்பது பாதி தெரிந்துவிடும்.

எல்லா ஆலையும் 89 விதிகளின் கடுமையான பிரிவுக்குள் வராது. அட்டவணையில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அளவு உண்டு. குளோரின் என்றால் 10 டன்னிலிருந்து சில கடமைகள் தொடங்கும், 25 டன்னில் கூடுதல் கடமைகள் சேரும். மெத்தில் ஐசோசயனேட்டுக்கு வெறும் 150 கிலோ. அந்த அளவைத் தாண்டியவற்றைப் 'பெரும் விபத்து அபாய ஆலை' என்பார்கள், அலுவலகங்களில் எம்.ஏ.ஹெச். யூனிட் என்று சொன்னால் உடனே புரியும்.

அந்த ஒற்றைத் தாளை வாங்குங்கள்

ஒரு படியை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். 89 விதிகளில் 15ஆம் விதி: பெரும் விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய, ஆலைக்கு வெளியே இருக்கிற மக்களுக்கு, ஆலைக்காரர் நேரடியாகவோ மாவட்ட அவசரகால அதிகாரி மூலமாகவோ மூன்று விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். ஆபத்து எப்படிப்பட்டது, பாதுகாப்பு ஏற்பாடுகள் என்ன, விபத்தின்போது என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது. புது ஆலை என்றால் வேலை தொடங்கும் முன்பே சொல்ல வேண்டும்.

இதைக் கேட்டு முதலில் ஆலைக்கே ஒரு கடிதம் எழுதுங்கள். சண்டைக்கடிதம் வேண்டாம். "நான் உங்கள் ஆலையிலிருந்து இத்தனை மீட்டர் தூரத்தில் குடியிருக்கிறேன். 1989ஆம் ஆண்டு விதிகளின் 15ஆவது விதிப்படி மக்களுக்குத் தரவேண்டிய தகவலைத் தமிழில் தாருங்கள். எங்கள் தெருவில் வயதானவர்களும் கைக்குழந்தைகளும் இருக்கிறார்கள்." இவ்வளவு போதும். ஸ்பீட் போஸ்டில் பதிவு வசதியோடு அனுப்புங்கள். சில ஆலைகளில் பாதுகாப்பு அதிகாரியே போன் செய்து பேசுவார், வீட்டுக்கு வந்து விளக்குபவர்களும் உண்டு. அப்படி ஒருவர் கிடைத்தால் நல்ல உறவாக வைத்துக்கொள்ளுங்கள். கசிவு இரவில் அந்த ஒரு போன் நம்பர் பெரிய உதவி.

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

இங்கே என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். முதல் தடவை நான், "மேற்படி பகுதியில் உள்ள கம்பெனிகளின் ரசாயனங்கள் பற்றிய எல்லா விவரங்களும் தரவும்" என்று எழுதினேன். கேட்ட தகவல் தெளிவாக இல்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. ஒன்றரை மாதம் வீண். அப்புறம் கற்றுக்கொண்டது இதுதான்: ஒரு கேள்விக்கு ஒரு காகிதம் என்கிற மாதிரி கேட்க வேண்டும். உதாரணமாக:

எங்கள் வட்டத்தில் பெரும் விபத்து அபாய ஆலைகளாகப் பதிவானவற்றின் பட்டியல் நகல்.

இன்ன ஆலையின் 15ஆம் விதித் தகவல் மக்களுக்கு எந்தத் தேதியில், எந்த முறையில் கொடுக்கப்பட்டது. அந்தத் துண்டறிக்கையின் நகல்.

கடந்த மூன்று ஆண்டுகளில் ஆலைக்கு உள்ளே நடந்த ஒத்திகைகளின் தேதிகள்; ஆலைக்கு வெளியே ஊர் மக்களைச் சேர்த்து நடந்த ஒத்திகைகளின் தேதிகளும் அறிக்கை நகல்களும்.

எங்கள் பகுதிக்கான உள்ளூர் நெருக்கடிக் குழு உறுப்பினர்களின் பட்டியல். கடைசி மூன்று கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பு நகல்கள்.

தேதி கேட்கும் கேள்விகளுக்கு மழுப்ப முடியாது. ஒத்திகை நடந்திருந்தால் தேதி இருக்கும். இல்லாவிட்டால் இல்லை என்று எழுதித்தான் ஆக வேண்டும். 'இல்லை' என்ற அந்தப் பதில் உங்கள் கையில் இருக்கும் மிகப் பலமான காகிதம். ஆலைக்குள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, வெளியே வருடத்துக்கு ஒரு முறை ஒத்திகை நடக்க வேண்டும் என்று 89 விதிகளிலேயே இருக்கிறதே.

வணிக ரகசியம், பாதுகாப்புக் காரணம் என்று மறுப்பும் வரலாம். ஆலையின் உள்வரைபடத்தை மறுத்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் மக்களிடம் கொடுக்கச் சொல்லியே சட்டம் எழுதிய தகவல் எப்படி ரகசியமாகும்? மேல்முறையீட்டில் இந்த ஒரு வாதத்தையே எழுதுங்கள்.

உள்ளூர் நெருக்கடிக் குழுவில் உங்கள் ஆள் யார்?

96 விதிகள் மத்தி, மாநிலம், மாவட்டம், உள்ளூர் என்று நான்கு அடுக்குக் குழுக்களை அமைக்கச் சொல்கின்றன. மாவட்டக் குழுவுக்குக் கலெக்டர் தலைவர்; 45 நாளுக்கு ஒரு முறை கூட வேண்டும். நமக்கு முக்கியம் கடைசி அடுக்கு. அலுவலகங்களில் லோக்கல் கிரைசிஸ் குரூப் என்பார்கள். கோட்டாட்சியர் நிலை அதிகாரி தலைவர், தொழிற்சாலை ஆய்வாளர் செயலர். மாதம் ஒரு முறை கூட வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒத்திகை நடத்த வேண்டும்.

இதில் அதிகாரிகள் மட்டும் இல்லை. தீயணைப்பு நிலைய அதிகாரி, காவல் நிலைய அதிகாரி, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் எல்லாரும் இருப்பார்கள். கூடவே ஊர்த் தலைவர் அல்லது பஞ்சாயத்துத் தலைவர் ஒருவர், தொண்டு நிறுவனப் பிரதிநிதி ஒருவர், உள்ளூர் டாக்டர்கள் இருவர், சமூக சேவகர்கள் இருவர், உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர், லாரி போக்குவரத்துக்காரர்கள். மேசையைச் சுற்றி நமக்கென்று நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். அவற்றில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் பல ஊர்களில் தெரியாது.

பட்டியல் கிடைத்தவுடன் அந்த இரண்டு டாக்டர்களைப் போய்ப் பாருங்கள். "உங்களுக்கு அமோனியா பாதிப்புக்கு என்ன சிகிச்சை தர வேண்டும் என்ற குறிப்பு ஆலையிலிருந்து வந்திருக்கிறதா?" என்று கேளுங்கள். அவர்கள் கேட்டால் ஆலைக்காரர் மதிப்பார். ஊரகப் பகுதி என்றால் கிராம சபையில் ஒரு தீர்மானம். நகரம் என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு. குடியிருப்போர் சங்கம் இருந்தால் அதன் லெட்டர்பேடில் எழுதுங்கள், தனி ஆள் மனுவைவிட எடை கூடும்.

வீட்டுத் தயாரிப்பு

காற்றைப் படிக்கப் பழகுங்கள். கடலோர ஊர்களில் பொதுவாகப் பிற்பகலில் கடலிலிருந்து நிலத்துக்கும், பின்னிரவில் நிலத்திலிருந்து கடலுக்கும் காற்று அடிக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்தக் கணக்கு மாறும். ஆகவே பகலில் தப்பிக்கும் வழி இரவில் தப்பிக்கும் வழியாக இருக்காது. மாடியில் ஒரு கம்பியில் பழைய துணியைக் கிழித்துக் கட்டிவிடுங்கள். கசிவு இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால் போதும், திசை தெரியும். குறுக்கே போக இரண்டு வழிகளை ஒரு தடவை குடும்பத்தோடு நடந்து பாருங்கள். ஒரு வழியில் ரயில்வே கேட் வந்தால், அது மூடியிருக்கும் என்று நினைத்துத் திட்டம் போடுங்கள்.

ஜன்னல் குறைவாக உள்ள ஓர் அறையைத் தேர்ந்து வையுங்கள். அங்கே ஒரு வாளி தண்ணீர், பழைய துண்டுகள், அகலமான டேப், டார்ச், குடிதண்ணீர், மருந்துச் சீட்டு, ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலர். சுவரில் நம்பர்கள்: 112, ஆம்புலன்சுக்கு 108, தீயணைப்பு 101, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, ஆலைப் பாதுகாப்பு அதிகாரியின் நம்பர்.

அன்றிரவு

2020 மே 7 விடியற்காலையில் விசாகப்பட்டினம் ஆர்.ஆர். வெங்கடாபுரத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலைத் தொட்டியிலிருந்து ஸ்டைரீன் ஆவி கசிந்தது. 12 பேர் இறந்தார்கள். ஆலையின் அவசர சைரன் ஒலிக்கப்படவில்லை என்று அரசு அமைத்த உயர்மட்டக் குழு பதிவு செய்தது. ஆகவே சைரன் கேட்டால்தான் ஆபத்து என்று காத்திருக்காதீர்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோதும் மூக்கும் கண்ணும்தான் பலரை எழுப்பின. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை.

நாற்றமோ கண் எரிச்சலோ திடீரென்று கூடினால் முதல் வேலை துணியை நனைத்து மூக்கு, வாய் இரண்டையும் மூடுவது. அமோனியா தண்ணீரில் வேகமாகக் கரையும். ஈரத்துணி அதை ஓரளவு பிடித்துக்கொள்ளும். அது முகமூடிக்கு ஈடாகாது, வெளியேறும் சில நிமிடங்களுக்குத்தான்.

இரண்டாவது, இருப்பதா போவதா என்று முடிவு செய்வது. வாயு ஏற்கெனவே தெருவை நிறைத்து, வெளியே வெண்புகை தெரிந்தால், உள்ளேயே இருப்பதுதான் பெரும்பாலும் நல்லது. ஜன்னல், கதவைச் சாத்தி, கீழிடுக்கில் ஈரத்துண்டைச் செருகி, ஏசி, எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்துங்கள். அடுப்பை அணையுங்கள். நாற்றம் சமையல் எரிவாயு அல்லது பெட்ரோல் மாதிரி இருந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், ஸ்டைரீன் ஆவி அதைவிடக் கனம், தரையோடு தவழும். அவற்றுக்கு மாடிதான் பாதுகாப்பு. அமோனியா இயல்பில் காற்றைவிட லேசு; ஆனால் குளிர்ந்த திரவமாகக் கசியும்போது வெள்ளைப் பனிபோலத் தரையை ஒட்டியே வரும். லேசான வாயு மேலே போய்விடும் என்று நம்பிக் கீழே படுத்துவிடாதீர்கள்.

போவது என்று முடிவெடுத்தால் டிரைவர் அண்ணன் போட்டுக் காட்டிய கோடுதான். காற்றோடு ஓடினால் வாயுவும் கூடவே வரும். நேர் எதிராக ஓடினால் ஆலைக்கே போய்ச் சேர்வீர்கள். காற்றுக்குக் குறுக்காகப் போங்கள். முடிந்தவரை ஓடாமல் வேகமாக நடங்கள். ஓடினால் மூச்சு கூடுதலாக இழுக்கும். தெருக்கோடி வீட்டுப் பாட்டியை யார் கூட்டிப்போவது என்பதை முன்னாலேயே பேசி வையுங்கள். தரையில் தேங்கிய திரவத்தின் மேல் யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டாம். அது தீயணைப்புத் துறையின் வேலை.

112க்குச் சொல்லும்போது இடம், நேரம், நாற்றம் எப்படி இருக்கிறது, எத்தனை பேருக்கு மூச்சுத் திணறல், காற்று எந்தப் பக்கம் என்பதைச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் கண்டதைப் பரப்பாதீர்கள். பீதி கிளப்பும் பொய் எச்சரிக்கைக்குப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு. நீங்கள் கண்ணால் பார்த்ததை நேரத்தோடு எழுதுவது வேறு, அதைச் செய்யுங்கள்.

மருத்துவமனையில்

போகும் முன் மேல்துணியைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்துவிட்டு வேறு துணி மாற்றுங்கள். கண்ணைச் சுத்தமான தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். மோர், எலுமிச்சை, எண்ணெய் எதுவும் கண்ணில் வேண்டாம்.

டாக்டரிடம் ரசாயனத்தின் பெயரைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் டேங்கர் பலகையில் பார்த்துக் குறித்து வைத்த நான்கு இலக்க எண்ணைச் சொல்லுங்கள். ஒவ்வொரு ரசாயனத்துக்கும் பாதுகாப்புத் தரவுத் தாள் என்று ஒன்றை ஆலை வைத்திருக்க வேண்டும் என்று 89 விதிகள் சொல்கின்றன. முதலுதவி, சிகிச்சைக் குறிப்பு அதில் இருக்கும். அதை ஆலையிலிருந்து வரவழைக்கச் சொல்லுங்கள். போபாலில் டாக்டர்கள் கையில் இல்லாமல் போனது இதுதான். இப்போது நன்றாக இருக்கிறேன் என்று உடனே வீட்டுக்கு ஓடிவராதீர்கள். குளோரின் மாதிரி வாயுக்களில் நுரையீரல் வீக்கம் பல மணி நேரம் கழித்தும் வரும்.

ஓபி சீட்டில் "வாயு பாதிப்பு" என்ற சொல்லும், கசிவு நேரமும், இடமும் எழுதச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். வெறும் 'இருமல், தலைசுற்றல்' என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து அந்தச் சீட்டால் பயனில்லை. அரசு மருத்துவமனை என்றால் விபத்துப் பதிவேட்டில் பதியச் சொல்லி ஏ.ஆர். காப்பி கேளுங்கள்.

விடிந்த பிறகு

ஆலைக்கு வெளியே ஒரே ஒருவர் காயப்பட்டாலும் 89 விதிகளின்படி அது 'பெரும் விபத்து'. ஆலைக்காரர் 48 மணி நேரத்துக்குள் உரிய அதிகாரிக்குத் தகவல் தர வேண்டும். அந்த அறிக்கையின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

நிவாரணத்துக்கு முதல் கதவு 1991ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம். யார் தப்பு என்று நிரூபிக்கவே தேவையில்லை. விபத்து நடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் கலெக்டரிடம் விண்ணப்பிக்கலாம். மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. இது ஆலைத் தொழிலாளிகளுக்கு அல்ல, வெளியே இருக்கிற நமக்கு. 1991இல் எழுதியபோது ஓர் இறப்புக்கு 25,000 ரூபாய் என்றுதான் வைத்தார்கள். ஓர் உயிருக்கு அந்தத் தொகையை எழுதியது மனதை உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் இது உடனடி உதவி மட்டுமே. இதை வாங்கினாலும் முழு இழப்பீடு கேட்கும் உரிமை போகாது என்று அதே சட்டம் சொல்கிறது.

முழு இழப்பீட்டுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இங்கேயும் ஐந்து ஆண்டுக் கெடு. "நாங்கள் எல்லாக் கவனமும் எடுத்தோம்" என்பது இங்கே எடுபடாது. 1985 டிசம்பரில் டெல்லி ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் என்ற அடர் கந்தக அமில வகை கசிந்த வழக்கில், அபாயகரத் தொழில் செய்பவர் அதனால் வரும் தீங்குக்கு எந்த விலக்கும் இல்லாமல் முழுப் பொறுப்பு என்று நீதிபதி பகவதி தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு 1986இல் சொல்லிவிட்டது. விசாகப்பட்டினம் கசிவின் மறுநாளே தீர்ப்பாயம் தானாக வழக்கெடுத்து 50 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. எண்ணூர்க் கசிவிலும் தானாகவே வழக்கெடுத்தது. மாசு கட்டுப்பாட்டு வாரியம் 5.92 கோடி ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு கணக்கிட்டது. ஆனால் சுற்றுச்சூழலுக்கென்று கட்டும் பணம் உங்கள் வீட்டு ஆஸ்பத்திரிச் செலவுக்கு வந்து சேராது. உங்கள் பாதிப்பை நீங்கள்தான் மனுவில் வைக்க வேண்டும். வழக்கறிஞருக்குப் பணம் இல்லாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள்.

அப்போது கேட்பார்கள், அன்றிரவு நீங்கள் அங்கே இருந்ததற்கு என்ன ஆதாரம் என்று. வாடகை ஒப்பந்தம், ஆதார் முகவரி, ஓபி சீட்டு, ஏ.ஆர். காப்பி, மருந்துக்கடை பில், வேலைக்குப் போகாத நாட்களுக்கான கடிதம், தெருவில் எடுத்த போட்டோ. எங்கள் தெருவில் ஒரு அக்கா, குழந்தைக்குப் பார்த்த ஓபி சீட்டை ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரிச் சீட்டு மை நாளாக நாளாக மங்கும். ஜெராக்ஸ் எடுத்து, அதையும் சேர்த்து உள்ளே வையுங்கள்.